வாளியை உதைத்தவன் ஏன் செத்தான்?

'கிக் த பக்கெட்' என்ற தொடரில் வரும் சொற்கள் எல்லாமே ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தவை. ஆனால் இந்தத் தொடரில் உதையும் கிடையாது, வாளியும் கிடையாது. ஆள் செத்துப்போனான் என்பதுதான் செய்தி. தனித்தனிச் சொற்களின் பொருளைக் கூட்டிப் பார்த்தால் கிடைக்காத ஒன்றைத் தொடர் முழுதும் சேர்ந்து சொல்லுமானால் அது மரபுத்தொடர். தமிழில் 'கம்பி நீட்டினான்', 'அல்வா கொடுத்தான்' என்பவை அந்த வகை. தமிழ் அரைகுறையாகத் தெரிந்த ஓர் ஆங்கிலேயரிடம் 'பங்காளி எனக்கு அல்வா கொடுத்துவிட்டான்' என்றால், நல்ல பங்காளி என்றுதான் நினைப்பார். பழமொழி என்பது முழு வாக்கியமாக நின்று புத்தி சொல்வது. மரபுத்தொடர் வாக்கியத்துக்குள் ஓர் உறுப்பாகப் பொருந்தி நிற்பது. பள்ளிப் பயிற்சி ஏடுகளில் இரண்டும் ஒரே பட்டியலில் கலந்து கிடப்பதுண்டு.

மரபுத்தொடர்கள் எல்லாம் ஒரே அளவுக்கு இறுகியவை அல்ல. ரகசியத்தை உளறிக் கொட்டுவதைச் சொல்லும் 'ஸ்பில் த பீன்ஸ்' ஓரளவு வளையும். 'அவரைக்கொட்டை சிந்தப்பட்டது' என்று செயப்பாட்டு வினையில் மாற்றினாலும் ஆங்கிலத்தில் பொருள் கெடாது. பீன்ஸ் ரகசியத்துக்கும், சிந்துதல் வெளியிடுதலுக்கும் நிற்பதால் அந்த நெகிழ்வு. 'கிக் த பக்கெட்' அப்படி வளையாது. 'வாளி அவரால் உதைக்கப்பட்டது' என்றால் உண்மையாகவே ஒரு வாளி உருண்டது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். சாவு என்ற பொருளில் வாளிக்கென்று தனிப் பங்கு எதுவும் இல்லாததே காரணம். தாய்மொழிக்காரர்கள் இத்தகைய தொடர்களைப் பெரும்பாலும் முழுசாகவே எடுத்துக்கொள்கிறார்கள். டேவிட் ஸ்வின்னி, ஆன் கட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-ல் வெளியிட்ட சோதனையில், அதே அளவுள்ள சாதாரணத் தொடர்களைவிட மரபுத்தொடர்களை ஆங்கிலம் பேசுவோர் விரைவாக அடையாளம் கண்டார்கள். ஒரே நீண்ட சொல்லைப்போல அவை மனத்தில் பதிந்திருக்கின்றன என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. மொழியைப் பின்னால் கற்பவர் அதையே சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கிறார். அங்கேதான் தடுக்குகிறது.

அந்த வாளிக்கே ஒரு பழைய கதை உண்டு. இங்கிலாந்தின் சில வட்டார வழக்குகளில் 'பக்கெட்' என்பது வாளி அல்ல. பன்றியை அறுப்பதற்குக் கால்களைக் கட்டித் தொங்கவிடும் மரச்சட்டம். சாகும் பன்றி துடிக்கும்போது கால் அந்தச் சட்டத்தில் உதைபடும். தொடர் இதிலிருந்து வந்திருக்கலாம் என்பதே அகராதிக்காரர்களிடையே செல்வாக்குள்ள விளக்கம். பிரான்சிஸ் குரோஸ் என்பவர் 1785-ல் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியில் 'சாவது' என்ற பொருளோடு இத்தொடர் இடம்பெற்றுவிட்டது. ஆகவே குறைந்தது இருநூற்று நாற்பது ஆண்டு வயது. பன்றிச் சட்டம் மறைந்துபோனது, உதை நிலைத்துவிட்டது.

ஒரு தொழிலில் பிறந்த பேச்சு, அந்தத் தொழிலை அறியாதவர் வாய்க்குப் போய், தொழில் மறைந்த பிறகும் வாழ்வது ஆங்கில மரபுத்தொடர்களின் பொதுவான வரலாறு. அந்த வகையில் ஆங்கிலத்துக்கு அதிகம் கொடுத்தது கடல். பாய்மரக் கப்பல்களை நம்பி வாழ்ந்த தீவு நாட்டில் மாலுமியின் பேச்சு கரையேறாமல் இருக்குமா? 'பொதுவாகப் பார்த்தால்' என்ற பொருளில் நாளிதழ்த் தலையங்கங்களில் அடிக்கடி வரும் 'பை அண்ட் லார்ஜ்' அப்படிக் கரையேறியது. காற்றை எதிர்த்து, அது வரும் திசைக்கு முடிந்தவரை நெருக்கமாகக் கப்பலைச் செலுத்துவது 'பை'. பின்னாலிருந்து வரும் காற்றில் தாராளமாக ஓடுவது 'லார்ஜ்'. இரண்டு நிலையிலும் நன்றாக ஓடும் கப்பல் என்றால் எல்லா விதத்திலும் நல்ல கப்பல் என்று அர்த்தம். 1669-லேயே ஒரு கப்பலோட்டக் கையேட்டில் இந்தச் சொற்சேர்க்கை வந்துவிட்டது. திகைத்துப்போவதைச் சொல்லும் 'டேக்கன் அபேக்' இன்னும் அழகு. எதிர்பாராமல் காற்று திரும்பி, பாய்களை முன்புறமிருந்து கொடிமரத்தோடு அழுத்தும்போது, ஓடிக்கொண்டிருந்த கப்பல் தடுமாறி நின்றுவிடும். மனிதர் வாயடைத்து நிற்பதும் அதே நிலைதான்.

குடித்துத் தள்ளாடுபவரை 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்பார்கள். படிப்பவர் மூன்று படுக்கை விரிப்புகளையோ மூன்று பாய்களையோ கற்பனை செய்துகொள்வார். கப்பலில் 'ஷீட்' என்பது பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிறு. அந்தக் கயிறுகள் அவிழ்ந்து காற்றில் ஆடினால் பாய் படபடக்கும், கப்பல் தள்ளாடும். 'பிட்டர் எண்ட்' என்பதில் உள்ள 'பிட்டர்' கசப்பைக் குறித்து வந்ததல்ல. நங்கூர வடத்தைச் சுற்றிக் கட்டும் தளத்துக் கம்பத்துக்கு 'பிட்' என்று பெயர். வடத்தின் கப்பல் பக்கத்து நுனி, அந்தக் கம்பத்தருகே இருப்பதால், 'பிட்டர் எண்ட்'. அந்த நுனிவரை வடத்தை விட்டாயிற்று என்றால் அதற்குமேல் விடுவதற்கு எதுவும் இல்லை. 'கடைசிவரை போராடினார்கள்' என்ற இன்றைய பொருள் அங்கிருந்து வருகிறது. பைபிளின் நீதிமொழிகளில் 'முடிவோ கசப்பு' என்ற கருத்து வருவதும் இந்தப் பொருளுக்குத் துணை நின்றிருக்கக்கூடும். ஒரு வேலையின் நெளிவுசுளிவு தெரிந்தவரை 'நோஸ் த ரோப்ஸ்' என்பதற்கு விளக்கமே வேண்டாம். பாய்மரக் கப்பலில் தொங்கும் எண்ணற்ற கயிறுகளில் எது எதற்கு என்று தெரிந்தவனே மாலுமி.

கடலுக்கு அடுத்தது துப்பாக்கி. பழைய கல்துப்பாக்கியில் தீப்பொறி முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். அதிலிருந்து குழாயினுள் இருக்கும் மருந்துக்கு நெருப்பு பரவினால்தான் குண்டு பாயும். சில சமயம் கிண்ணத்தில் பளிச்சென்று எரிந்து அத்தோடு அடங்கிவிடும். ஒரு படத்தில் மின்னிக் காணாமல்போகும் நடிகரைக் குறிக்கும் 'ஃப்ளாஷ் இன் த பேன்' இதுதான். 'ஒன்றுவிடாமல் மொத்தமும்' என்பதற்கு வழங்கும் 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' துப்பாக்கியின் மூன்று பாகங்களான விசையமைப்பு, கட்டை, குழாய் ஆகியவற்றின் பட்டியல். 'லாக்' என்பதைப் பூட்டு என்று எடுத்துக்கொண்டால் ஒன்றும் புரியாது.

'பைட் த புல்லெட்' என்பது வேறு வழியில்லாத வேதனையைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்பது. இந்த ஒரு தொடருக்கு இந்தியாவோடு முடிச்சுப் போட்டு ஒரு கதை உலவுகிறது: 1857-ல் கொழுப்புத் தடவிய தோட்டாக்களைக் கடிக்கச் சொன்னதால் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள் அல்லவா, அதிலிருந்து வந்தது என்று. கதை இரண்டு இடத்தில் உதைக்கிறது. சிப்பாய்கள் கடிக்கவேண்டியிருந்தது குண்டை அல்ல, மருந்தும் குண்டும் பொதிந்த காகித உறையின் நுனியை. அதைவிட முக்கியம், 18-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே குரோஸின் அகராதி வேறொரு வழக்கத்தைப் பதிவுசெய்துவிட்டது. கசையடி பெறும் படைவீரன் கத்தாமல் இருப்பதை மானமாகக் கருதி, வாயில் ஈயக்குண்டை வைத்து மென்றுகொண்டிருப்பானாம். பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங் 1891-ல் வந்த தம் நாவலொன்றில் இன்றைய பொருளுக்கு நெருக்கமாக இத்தொடரைக் கையாண்டார்.

விளையாட்டுத் திடல்கள் கொடுத்தவை தமிழ் வாசகர்களுக்குச் சுலபம், குறிப்பாகக் கிரிக்கெட்டிலிருந்து வந்தவை. மழை நனைத்துக் காய்ந்துகொண்டிருக்கும் ஆடுகளத்தில் பந்து தாறுமாறாக எழும்பும் என்பதை அறிந்தவருக்கு 'ஸ்டிக்கி விக்கெட்' என்றால் இக்கட்டான நிலை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெற்றி உறுதியான குதிரைக்காரன் கடிவாளத்தைத் தளர்த்திக் கையைக் கீழே விடுவதிலிருந்து சிரமமின்றி வெல்வதற்கு 'ஹேண்ட்ஸ் டவுன்'. குத்துச்சண்டை வீரனின் உதவியாளர் தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை உள்ளே எறிவதிலிருந்து 'த்ரோ இன் த டவல்'. இடறுவது பேஸ்பால். உத்தேசக் கணக்கைச் சொல்லும் 'பால்பார்க் ஃபிகர்' போன்ற அமெரிக்கத் தொடர்கள், அந்த ஆட்டத்தையே பார்த்திராத சென்னைக் கணினி நிறுவனத்து ஊழியர் வாயிலும் இன்று தாராளமாகப் புழங்குகின்றன.

நூல்வழி வந்தவற்றில் பைபிளுக்கே முதலிடம். வரப்போகும் அழிவின் அறிகுறியைச் சொல்லும் 'த ரைட்டிங் ஆன் த வால்' தானியேல் ஆகமத்தில் பெல்ஷாத்சார் அரசனின் விருந்தில் சுவரில் எழுதிய கையின் கதை. 'ஸ்கேப்கோட்' என்ற சொல்லை 1530-ல் தம் மொழிபெயர்ப்புக்காக உருவாக்கியவர் வில்லியம் டின்டேல். 'பலியாடு' என்ற தமிழ்ச் சொல்லை இன்று அதற்கு இணையாக எழுதினாலும், மூலத்தில் மக்களின் பாவத்தைச் சுமந்துகொண்டு அந்த ஆடு வனாந்தரத்துக்குத் துரத்தப்படுகிறது, வெட்டப்படுவதில்லை. 'ஆப்பிள் ஆஃப் மை ஐ' என்பதில் வரும் ஆப்பிள் கண்ணின் பாப்பா. அது உருண்டைப் பொருள் என்று பழைய ஆங்கிலேயர் எண்ணியதால் அந்தப் பெயர். தமிழ் பைபிள் அந்த இடத்தில் யோசிக்கத் தேவையே இல்லாமல் 'கண்மணி' என்று எழுதிச் சென்றது. மொழியியலாளர் டேவிட் கிறிஸ்டல் 2010-ல் எழுதிய நூலில், 1611-ஆம் ஆண்டு வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் காணப்படும் மரபுத்தொடர்களாக 257-ஐக் கணக்கிட்டார். அவற்றில் அந்த மொழிபெயர்ப்புக்கே உரியவை 18 மட்டுமே. மற்றவை டின்டேல் முதலிய முன்னோர் கைப்பட்டவை. ஷேக்ஸ்பியர் கணக்கும் இப்படித்தான்: அவர் படைத்ததாகச் சொல்லப்படுபவற்றில் பல, அவர் காதில் விழுந்தவை. வீண் அலைச்சலைக் குறிக்கும் 'வைல்டு கூஸ் சேஸ்' ரோமியோ ஜூலியட்டில் வருகிறது. அன்று அது காட்டு வாத்தைத் துரத்துவதல்ல, முன்னே ஓடும் குதிரையை மற்றவை வாத்துக் கூட்டம்போல் பின்தொடரும் ஒருவகைப் பந்தயத்தின் பெயர்.

இந்திய மண்ணில் முளைத்தவையும் உண்டு. மூளை கலங்கியவரைக் குறிக்கும் 'டூலாலி' மகாராஷ்டிரத்தில் நாசிக் அருகே உள்ள தேவ்லாலி. பணிக்காலம் முடிந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஊருக்குத் திரும்பக் கப்பல் வரும்வரை அங்கே முகாமில் கிடந்தார்கள். வெயிலும் சலிப்பும் காய்ச்சலும் சேர்ந்து சிலருக்குப் புத்தி பேதலித்தது. ஆனால் பார்த்த மாத்திரத்தில் தமிழ்த் தொடர்பு இருப்பதாகத் தோன்றும் ஒன்றில் அது கிடையாது. 'கரி ஃபேவர்' என்றால் ஒருவரைக் காக்காய் பிடிப்பது. கறிக்குழம்பைச் சொல்லும் 'கரி' தமிழின் 'கறி'யிலிருந்து போனது. காக்காய் பிடிக்கும் 'கரி'யோ குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்வதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழித்தோன்றல். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் எழுந்த ஓர் அங்கதக் கவிதையின் நாயகன் ஃபோவெல் என்ற குதிரை. முகத்துதி, பேராசை முதலான ஆறு தீக்குணங்களின் முதலெழுத்தைக் கோத்துச் செய்த பெயர் அது. பெரிய மனிதர்கள் எல்லாம் வரிசையில் நின்று அந்தக் குதிரையைத் தேய்த்துவிடுகிறார்கள். ஆங்கிலேயர் காதில் 'ஃபேவெல்' தேய்ந்து 'ஃபேவர்' ஆனது. தயவைத் தேய்ப்பது என்றால் என்ன என்று அதன்பின் யாரும் கேட்கவில்லை.

பொருள் தெரியாத இடத்தில் கதை கட்டுவது மனித இயல்பு. இணையத்தில் பரவும் தோற்றக் கதைகளில் கணிசமானவை பொய். கொட்டும் மழையைச் சொல்லும் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' வந்த கதை இது: பழங்காலத்தில் கூரை வேய்ந்த வீடுகளில் நாயும் பூனையும் கூரைமேல் படுத்திருக்கும், மழையில் வழுக்கி விழும். வைக்கோல் கூரையில் நாய் எப்படி ஏறிப் படுத்தது என்று கேட்டாலே கதை கலைந்துவிடும். 1999 வாக்கில் மின்னஞ்சலில் சுற்றிய ஒரு வேடிக்கைக் கட்டுரைதான் இதைப் பரப்பியது. 1650-களின் ஆங்கில எழுத்தில் நாயும் வேறு விலங்குகளும் மழையாகப் பொழிகின்றன. இன்றைய வடிவம் ஜொனாதன் ஸ்விஃப்ட் 1738-ல் வெளியிட்ட உரையாடல் நூலில் இருக்கிறது. ஏன் நாய், ஏன் பூனை என்பதற்கு நிரூபிக்கப்பட்ட விடை கிடையாது. 'சேவ்டு பை த பெல்' என்பதை உயிரோடு புதைக்கப்பட்டவர் சவப்பெட்டியிலிருந்து அடித்த மணி என்பார்கள். உண்மையில் அது குத்துச்சண்டைச் சுற்று முடியும் மணி.

'முழுக்க முழுக்க' என்ற பொருளுள்ள 'த ஹோல் நைன் யார்ட்ஸ்' இந்தக் கதைக்காரர்களுக்குப் பெரிய விருந்து. இரண்டாம் உலகப்போரின் போர்விமானத்தில் துப்பாக்கித் தோட்டா வார் ஒன்பது கஜ நீளமாம். மொத்தத்தையும் சுட்டுத் தீர்த்தவன் ஒன்பது கஜத்தையும் கொடுத்தானாம். அமெரிக்க ஆய்வாளர்கள் பழைய செய்தித்தாள்களைத் துழாவியபோது 1912-ல் கென்டக்கி மாநிலத்து ஏடுகளில் இதே பொருளில் 'ஆறு கஜம்' கிடைத்தது. அப்போது போர்விமானமே இல்லை. எண் ஆறிலிருந்து ஒன்பதாக ஊதியிருக்கிறது. எதை அளந்த கஜம் என்று தேடுவதில் பொருளில்லை. (ஒன்பது கஜம் என்றதும் மடிசார் நினைவுக்கு வந்தால் அது தமிழ் வாசகரின் தனி உரிமை, தொடருக்கும் புடவைக்கும் தொடர்பில்லை.) தோற்றக் கதையைச் சோதிக்க ஒரே நம்பகமான வழி தேதி. 1884-ல் முதல் பகுதி வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ஒவ்வொரு சொல்லுக்கும் தொடருக்கும் கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்றை ஆண்டோடு தருகிறது. கதை சொல்லும் சம்பவத்தைவிடச் சான்று பழையதாக இருந்தால் கதையைத் தள்ளிவிடலாம்.

தமிழுக்குக் குடிவந்த ஆங்கில மரபுத்தொடர்கள் ஒரு தனி வகை. அலுவலகத் தாமதத்தைச் சொல்லும் 'சிவப்பு நாடா' இங்கிலாந்தில் அரசு ஆவணங்களையும் வழக்குக் கட்டுகளையும் செந்நிற நாடாவால் கட்டிய வழக்கத்திலிருந்து வந்தது. 'முதலைக் கண்ணீர்' இரையைத் தின்னும்போது முதலை அழும் என்ற ஐரோப்பிய இடைக்கால நம்பிக்கை. தமிழில் அதற்கு முன்பே பழையனூர் நீலி அழுத 'நீலிக்கண்ணீர்' இருந்தது. இப்போது இரண்டும் வழங்குகின்றன. குடிவந்தவை எல்லாம் பழைய பொருளோடு இருப்பதில்லை. ஆங்கிலத்தில் 'பிளாக் ஷீப்' என்பவர் குடும்பத்தின் பெயரைக் கெடுத்த பிள்ளை. குடிகாரராகவோ ஊதாரியாகவோ இருக்கலாம், துரோகியாக இருக்க வேண்டியதில்லை. தமிழ்ச் செய்தித்தாளின் 'கருப்பு ஆடு' துறைக்குள் இருந்துகொண்டே காட்டிக்கொடுக்கும் ஆள். தமிழ்ப் பொருளை வைத்துக்கொண்டு ஆங்கில நாவலைப் படித்தால் அப்பாவி ஒருவர் உளவாளி ஆகிவிடுவார்.

இணைப் பழமொழி தேடுவதிலும் இதே ஆபத்து. ஒருகாலத்தில் நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகமாக இருந்த நியூகாசிலுக்கே கரி கொண்டுபோவது என்ற ஆங்கிலத் தொடருக்குக் 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' கச்சிதமாகப் பொருந்துகிறது. 'திருநெல்வேலிக்கே அல்வா' இன்னும் கச்சிதம். ஆனால் பீட்டரைக் கொள்ளையடித்துப் பால் என்பவருக்குக் கொடுப்பதற்கு 'கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது' பொருந்தாது. ஆங்கிலத் தொடர் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கும் சுழல். தமிழ்ப் பழமொழி அடுத்தவன் காசில் புண்ணியம் தேடுவது.

பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, மரியாதையும் தெரிய வேண்டும். 'பாஸ்டு அவே' என்றால் 'காலமானார்'. 'கிக் த பக்கெட்' என்றால் 'மண்டையைப் போட்டான்'. மேலதிகாரியின் தந்தை இறந்ததற்கு எழுதும் இரங்கல் கடிதத்தில் இரண்டாவதை எழுதியவர் அடுத்த பதவி உயர்வை மறந்துவிடலாம். பழசாகிப் போவதும் உண்டு. நம் பள்ளிக் கட்டுரைகளில் மழை பெய்தாலே நாயும் பூனையும் விழுகின்றன. இங்கிலாந்து இளைஞர் பேச்சில் அது தாத்தா காலத்து வாடையடிக்கிறது.

அட்லாண்டிக்கின் இரு கரைகளும் ஒன்றுபோலப் பேசுவதில்லை. குடும்ப ரகசியமான எலும்புக்கூட்டை பிரிட்டிஷார் 'கப்போர்டில்' வைத்தால் அமெரிக்கர் 'கிளாசட்டில்' வைக்கிறார்கள். தேநீர்க் கோப்பையில் வீசும் பிரிட்டிஷ் புயல் அமெரிக்காவில் தேநீர்க் குடுவையில் வீசுகிறது. இவற்றால் கேடில்லை. கேடு வருவது ஒரே தொடர் எதிரெதிர்ப் பொருள் தரும்போது. ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வது பிரிட்டனில் விவாதத்துக்கு முன்வைப்பது. அமெரிக்காவில் கிடப்பில் போடுவது. இரண்டாம் உலகப்போரின்போது ஓர் அவசர ஆவணத்தை 'டேபிள்' செய்ய விரும்புவதாக பிரிட்டிஷ் தளபதிகள் சொல்ல, அமெரிக்கத் தளபதிகள் கூடாதென்று மறுக்க, இரு தரப்பும் விரும்புவது ஒன்றேதான் என்று புரியும்வரை காரசாரமாக வாக்குவாதம் நடந்ததை வின்ஸ்டன் சர்ச்சில் 1950-ல் வெளிவந்த தம் போர் நினைவுத் தொகுதியில் எழுதியிருக்கிறார். இந்திய நாடாளுமன்றச் செய்திகளில் வரும் 'டேபிள்' பிரிட்டிஷ் வழக்கு: அறிக்கை அவையின் முன் வைக்கப்பட்டது என்றே அதைப் படிக்க வேண்டும்.